மறிச்சவன் சோறு

கண்டல்முனையில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாதது. ஆனால் புத்தகத்தில் எழுதிய சட்டங்களை விட ஒழுங்காக நடந்தது. கடலுக்குப் போக இறங்கியவனை ஒருத்தன் "இண்டைக்குப் போகாதே" என்று மறித்து, அவன் சொன்ன காற்று வராமல் போனால், மறித்தவன் அந்த வீட்டுக்கு அன்றைக்குச் சோறு போடவேண்டும். அரிசியாகக் கொடுக்கலாம், ஆக்கியும் கொடுக்கலாம். ஆனால் ஆள் விட்டு அனுப்பக்கூடாது, தானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். முன்னொரு காலத்தில் கனவு கண்டவனும் கண் துடித்தவனும் கரையில் நின்று வள்ளங்களை மறித்து, ஊர் அடுப்பிலெல்லாம் பூனை படுக்க விட்டதால் வந்த ஏற்பாடு அது என்பார்கள். 'மறிச்சவன் சோறு' என்று அதற்குப் பெயர்.

மறித்தவனுக்குத்தான் தண்டம். "போ" என்றவனுக்கு ஒன்றுமில்லை. அதில் ஒரு கோணல் இருக்கிறதென்று யாருக்கும் தோன்றவில்லை. பேராதனையில் பௌதிகம் படித்த யோகலிங்கத்துக்கும் தோன்றவில்லை.

யோகலிங்கம் கண்டல்முனைக்காரர் அல்ல. வீடு திருகோணமலைப் பட்டினத்தை அடுத்த பாலையூற்றில். வேலை, துறைமுக வாயைப் பார்த்தபடி குன்றில் இருந்த கடற்காற்று அவதானிப்பு நிலையத்தில். அந்த நீளப் பெயரைச் சொல்ல ஊரில் எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. 'காத்துக் கந்தோர்' என்றார்கள். அவரைக் 'காத்துக் கந்தோர் சேர்' என்றார்கள். யுத்த காலத்தில் அந்த வேலையில் வேடிக்கைக்கும் குறைவில்லை. வானத்துக்குப் பலூன் விடுவதென்றால் முதலில் இருக்கிற முகாம்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லவேண்டும். ஒருதரம் மறந்துபோய் விட்ட பலூனுக்கு நாலு திசையிலும் வெடி கேட்டது. அன்றைக்குக் காற்றின் வேகம் பதியப்படவில்லை.

மனிதர் கெட்டவர் அல்ல. தான் சொன்னது சரிவந்தால் ஒரு கிழமைக்கு அதையே சொல்லித் திரிவார். பிழைத்தால் வங்காள விரிகுடா மேல் பழியைப் போடுவார். மழை வராது என்று கந்தோரில் அறிக்கை ஒட்டிவிட்டுக் குடையோடு வீட்டுக்கு வருவார். "ஊருக்கு வெயில் சொல்லிப்போட்டுத் தனக்குக் குடை பிடிக்கிற மனிசன்" என்று மனைவி கமலேஸ்வரி சிரிப்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லும் பகிடி. பின்னாளில் அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம், குடாவில் புயலாகக்கூடிய தாழமுக்கம் ஒன்று உருண்டு திரண்டது. யோகலிங்கம் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தார். திருகோணமலைக்குத்தான் வரும் என்று மனதில் விழுந்துவிட்டது. கண்டல்முனை மீனவர் சங்கச் செயலாளர் அபூதாஹிருக்குத் தொலைபேசி எடுத்தார். சங்கக் கடையில் இருந்த அந்த ஒரு தொலைபேசிதான் ஊருக்கே காது.

"நானா, பேப்பரில என்ன எழுதியிருக்கெண்டு பாக்காதேங்கோ. இது என்ர கதை. கட்டாயம் அடிக்கும். பிள்ளை குட்டியளோட எழும்பிக் கிண்ணியாப் பக்கம் போங்கோ."

அபூதாஹிர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார். ஊர் எழும்பியது. கிண்ணியாப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஏற்கெனவே இடம்பெயர்ந்து வந்திருந்தவர்களுக்கு நடுவில், நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. தாழமுக்கம் வடக்கே திரும்பி எங்கோ போய்விட்டது. கண்டல்முனையில் ஒரு தென்னோலை கூட விழவில்லை.

திரும்பி வந்தவர்கள் நேரே கரைக்குப் போனார்கள். வள்ளம் ஏற்றும் மணல்திட்டில் ஒரு காவலரண் முளைத்திருந்தது. முள்ளுக்கம்பி சுற்றியிருந்தது. அரணுக்குக் குறுக்கே அடுக்கியிருந்த பனங்குற்றிகள், இவர்களுடைய மீன்வாடிகளில் தூணாக நின்றவை. யாருடைய அரண், எந்த உத்தரவு என்று கேட்கிற காலமா அது? ஆளில்லாத கரை என்று நினைத்ததாக அரணில் நின்றவர்கள் சொன்னார்கள். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து கண்டல்முனை வள்ளங்கள் கண்டல் காட்டுச் சேற்றுப் பக்கமாக, இடுப்பளவு தண்ணீரில் தள்ளித்தான் கடலுக்கு இறங்கின.

சில நாள் கழித்து அபூதாஹிர் இரண்டு மூன்று பேருடன் பாலையூற்றுக்கு வந்தார். பாதி பகிடியாகவும் பாதி கோபமாகவும் வாசலில் நின்று கேட்டார்:

"சேர், மறிச்சவன் சோறு போடணும். அது எங்கட ஊர் வழம."

யோகலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அரசாங்க உத்தியோகத்தன், நானா. இஞ்ச சோத்துக்கடை நடத்தேல்லை."

குசினிக்குள் கமலேஸ்வரி அரிசி வாளிக்குள் கையை விட்டபடி நின்றாள். அளந்து கொடுக்கத்தான் விட்ட கை. அது அப்படியே நின்றது.

"சரி சேர்" என்றார் அபூதாஹிர். "உங்கட காத்து வரல்ல. எங்கட கரை போயிட்டு." அவ்வளவுதான். போய், ஒலிபெருக்கியில் சொன்னவன் நான்தானே என்று தன் வீட்டு நெல்லைக் குத்தி வீடு வீடாகக் கொடுத்தார்.

பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. உத்தியோகத்தர்கள் மேலிடத்து வாசகத்தையே பொதுமக்களுக்கு வாசிக்கவேண்டும். சொந்த அபிப்பிராயம் எதையும் தெரிவிக்கக்கூடாது. மீறினால் ஒழுக்காற்று விசாரணை. நுணலும் தன் வாயால் கெடும் என்று கந்தோரில் ஒருத்தர் சொல்லிச் சிரித்ததும் யோகலிங்கத்தின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் வாசகத்தை மட்டும் வாசித்தார். 'வீசக்கூடும்', 'பெய்யக்கூடும்', 'அவதானமாக இருக்கவும்'. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, சொன்னவனுக்குக் கேடில்லாத சொற்கள். சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரை எதற்கு?

நாலைந்து வருஷம் போனது. நோன்பு மாதம் மார்கழியில் வந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் காலை, யோகலிங்கம் கந்தோரில் அமுக்கமானியைப் பார்த்தார். எங்கள் கடலில் காற்றழுத்தத்துக்கும் வற்றுப் பெருக்கு உண்டு. விடிந்ததிலிருந்து பத்து மணிவரை ஏறும், பிறகு இறங்கும். நாள் தவறாமல் நடப்பது. அன்றைக்கு ஏறவேண்டிய நேரத்தில் முள் கீழே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட இறங்கியது.

கொழும்புக்கு எடுத்துக் கேட்டார். "தாழமுக்கம் வடக்கே திரும்பும் போலத்தான் இருக்கு. வாசகத்தை மாற்ற வேண்டாம்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, திரும்பியிருக்கலாம். வருமா வராதா என்று கேட்டால் நூற்றுக்கு அறுபது வரும் என்று அவர் மனம் சொன்னது. மிச்சம் நாற்பதில் ஒரு காவலரணும் முள்ளுக்கம்பியும் வாசலில் நின்று சோறு கேட்ட ஆட்களும் தெரிந்தார்கள்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "பக்கத்து வீட்டுப் பெடியனைப் பிடிச்சு, குசினிக் கூரைத் தகரத்துக்கு மேல கல் தூக்கி வைக்கச் சொல்லும். உடுப்பெல்லாத்தையும் உள்ளுக்கு எடும்" என்றார்.

தொலைபேசியை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அபூதாஹிர் வந்தார். பெருநாளுக்குச் சட்டைத் துணி வாங்கப் பட்டினத்துக்கு வந்தவர், குன்றேறி வந்திருந்தார். நோன்பு, தண்ணீர் கூடக் கொடுக்க முடியாது. கதிரையை இழுத்துப் போட்டார் யோகலிங்கம்.

"சேர், பொடியன்மார் பெருநாள் செலவுக்குக் கடலுக்குப் போகணும் எண்டு நிக்கிறானுகள். வள்ளக்காரன் லாபிர்தான் வானம் சரியில்ல எண்டு இழுக்கிறான். என்ன மாதிரி?"

யோகலிங்கம் அறிக்கையை எடுத்து வாசித்தார். கிழக்குக் கடலில் இடையிடையே பலத்த காற்று வீசக்கூடும். மீனவர்கள் அவதானமாக இருக்கவும். ஒரு பிரதியைக் கையிலும் கொடுத்தார்.

அபூதாஹிர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழும்பவில்லை. "இது பேப்பர்ட கதை, சேர். ஒவ்வொரு மார்கழியும் இதத்தான் தாறீங்க. உங்கட கதை என்ன?"

அவர் கேட்டதில் பழைய கோபம் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அந்த நம்பிக்கை யோகலிங்கத்துக்கு எரிச்சலைத் தந்தது. மறித்துப் பிழைத்தால் மறுபடி வாசலுக்கு வருவீர்கள், அதற்கு நான் வேலையையும் இழக்கவேண்டும், அப்படித்தானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது.

"அதுதான் என்ர கதையும்" என்றார்.

அபூதாஹிர் அவரைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, "அப்ப சரி சேர், வாறன்" என்று எழும்பிப் போனார். அமுக்கமானி அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் விளங்கியிராது.

மூன்று வள்ளங்கள் போயின. பொழுதுபடும் நேரம் காற்று எழும்பியது. இரண்டு வள்ளங்கள் எப்படியோ சேற்றுப் பக்கமாக வந்து ஒதுங்கின. வராத வள்ளம் லாபிருடையது. பாலையூற்றிலும் பலருடைய கூரை பறந்தது. யோகலிங்கத்தின் கூரை நின்றது. அதன் கீழ் அவர் கதிரையில் இருந்தார். தகரத்தின் மேல் கற்கள் அசைந்து அசைந்து உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கமலேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சாமியறைக்குள் போனாள்.

லாபிரின் மையத்து இலங்கைத்துறைப் பக்கம் ஒதுங்கியது. பெருநாள் கழிந்து வந்து சேர்ந்தது. மனைவி மைமூனா, தைத்து வைத்த புதுச் சட்டை மேசையில் கிடக்க, விதவைக்குரிய இத்தா இருந்தாள்.

மரண விசாரணை வந்தது. இங்கேதான் சட்டம் தன் வேலையைக் காட்டியது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா என்று பார்த்தார்கள். கொடுக்கப்பட்டிருந்தது, 'பலத்த காற்று வீசக்கூடும்' என்று அச்சில் இருந்தது. யாரிடம் கொடுக்கப்பட்டது? செயலாளர் அபூதாஹிரிடம். அவர் ஊருக்கு என்ன சொன்னார்? 'பயமில்லை, போகலாம்' என்று சொன்னார். அப்படியென்றால் குற்றம் யாருடையது? பொலிஸ்காரருக்கு அது ஒரு கஷ்டமான கணக்காகவே தெரியவில்லை. கவலையீனத்தால் மரணம் விளைவித்ததாக அபூதாஹிர் மேல் வழக்குப் போடலாம் என்று பேச்சு அடிபட்டது.

மேலிடம் ஒரு வழக்கறிஞரை அனுப்பியது. நல்ல மனுஷன். யோகலிங்கத்துக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பாடம் சொன்னார். "நிச்சயமில்லாததை நிச்சயம் எண்டு சொல்லியிருந்தால் நீங்கள் பொறுப்பு. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை எண்டுதான் சொல்லியிருக்கிறீங்கள். சட்டத்தில உங்களைத் தொட ஏலாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

"என்ர மனசில இருந்ததைக் கேட்டால்?"

"மனசை விசாரிக்கிறதுக்கு நீதவானுக்கு அதிகாரம் இல்லை" என்று சிரித்தார் வழக்கறிஞர்.

விசாரணைக்குப் போகிற காலை, கமலேஸ்வரி சட்டையை இஸ்திரிக்கையால் மினுக்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. எங்கட கூரைக்குச் சொன்னதை அந்த மனிசனுக்குச் சொல்லேல்லையோ?"

அவருக்குச் சட்டையைப் போட்டு முதல் தெறியைப் பூட்ட வெகுநேரம் எடுத்தது.

நீதிமன்றத்தில் கேள்வி நேராக வந்தது. "அறிக்கையில் உள்ளதைத் தவிர, செயலாளருக்கு வேறு ஏதாவது கூறினீர்களா?"

அபூதாஹிர் முன்வரிசை வாங்கில் இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்டல்முனைச் சனம். யோகலிங்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், "இல்லை, கனம் நீதவான் அவர்களே. அறிக்கையில் உள்ளதுதான்" என்றார். சொல்லுக்குச் சொல் உண்மை. அப்படியொரு உண்மையை அவர் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் வாய்க்குள் உவர்ப்பாக இருந்தது.

அடுத்து அபூதாஹிரைக் கேட்டார்கள். இப்போது சொல்வார், 'உங்கட கதை என்ன என்று கேட்டேன், அதுதான் என்ர கதையும் என்றார்' என்று சொல்வார் என யோகலிங்கம் காத்திருந்தார். பயந்தார் என்பதும் உண்மை. சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினார் என்பதும் உண்மை.

அபூதாஹிர் ஒருதரம் யோகலிங்கத்தைப் பார்த்தார்.

"சேர் பேப்பர வாசிச்சுக் காட்டினாரு. கையிலயும் தந்தாரு. நான்தான் பெருசா எடுக்கல்ல" என்றார்.

நீதவான் அன்றே முடித்துவிட்டார். இயற்கை அனர்த்தத்தால் நேர்ந்த மரணம். எவர் மீதும் வழக்கில்லை. ஆனால் கிடைத்த எச்சரிக்கையைச் சரியாக அறிவிக்கத் தவறிய செயலாளரின் நடத்தை கண்டிக்கத்தக்கது. பின்வரிசை வாங்கில் இருந்த சனம் அந்தக் கடைசி வசனத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனது. அடுத்த வெள்ளிக்கிழமையே அபூதாஹிரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மைமூனாவின் உறவுக்காரர்கள் அவருக்குச் சலாம் சொல்வதையும் விட்டார்கள்.

விசாரணை முடிந்த அன்றே, நீதிமன்றத்துக்கு வெளியே, வாகை மரத்தடியில், யோகலிங்கம் அவரைப் பிடித்தார். "ஏன் நானா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சேர், அண்டைக்குக் காத்து வராம போகக்குள்ள உங்கட வாசல்ல நிண்டு சோறு கேட்டவன் நான். உங்கட வாயக் கட்டின கயித்தில என்ட முடிச்சும் ஒண்டு இரிக்கு." தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "ஒண்டு மட்டும் செல்லுங்க. அந்தக் காலையில உங்கட கதை என்னவா இரிந்திச்சு?"

இதற்கு மட்டும் வழக்கறிஞர் பாடம் சொல்லித் தரவில்லை.

"வரும் எண்டுதான் நினைச்சனான்" என்றார் யோகலிங்கம். "நிச்சயமாத் தெரியாது. ஆனா வரும் எண்டுதான்."

அபூதாஹிர் ஏசியிருக்கலாம். அடித்திருந்தால் கூட யோகலிங்கம் கன்னத்தைக் காட்டியிருப்பார். அவரோ, "பெரிய நிச்சயம் ஒண்டும் கேட்கல்லயே சேர் நாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிண்ணியாவுக்குத் துறை கடக்கும் பாதைப் படகைப் பிடிக்கத் துறையடிக்கு நடந்தார்.

அந்த வருஷம் யோகலிங்கம் இளைத்துப் போனார். தன் கூரையைப் பார்க்க அவருக்குக் கூசியது. கற்களை இறக்கச் சொன்னாள் கமலேஸ்வரி. அவர் ஏறி இறக்கவும் இல்லை, ஆள் பிடிக்கவும் இல்லை. சட்டம் விட்டுவிட்டது, அதனால்தான் நெஞ்சு விடவில்லை. தண்டம் ஒன்று போட்டிருந்தால் கட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம் என்று அவளிடம் ஒருநாள் சொன்னார். "தண்டம் போடுற சட்டம் ஒண்டு இருந்ததுதானே. அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றாள் அவள்.

அடுத்த கார்த்திகையில் குடா மறுபடி கலங்கியது. இந்தத் தரம் நாற்பதுதான் சொல்லலாம். மிச்சம் அறுபதும் வராத பக்கம். மேலிடத்து வாசகம் வழக்கம்போல 'வீசக்கூடும்' என்றது. யோகலிங்கம் அதை ஒட்டிவிட்டு, சங்கக் கடைத் தொலைபேசிக்கு எடுத்து அபூதாஹிரைக் கூப்பிடச் சொன்னார்.

"நானா, இது என்ர கதை. நூற்றுக்கு நாற்பதுதான். வராமல் போறதுக்குத்தான் கூட இடமிருக்கு. ஆனாலும் இண்டைக்கு ஒருத்தரும் போகவேண்டாம். ஊரை விட்டு எழும்பவும் வேண்டாம், கரையை விடாதேங்கோ. கடலை மட்டும் விடுங்கோ. பிழைச்சால் சோறு நான் போடுறன்."

மறுபக்கத்திலிருந்து "செல்றன் சேர்" என்றார் அபூதாஹிர்.

அவர் சேற்றுக் கரைக்குப் போய் நின்று சொன்னார். செயலாளராக இல்லாதவன் சொல்வதைக் கேட்க யாருக்கும் மனமில்லை. "காத்துக் கந்தோர் சேர் மறிக்கிறாரு. பிழைச்சா சோறு அவரு கொண்டு வருவாராம்" என்றதும்தான் சிரிப்பு எழும்பியது. அரசாங்கம் சோறு போடுகிற அதிசயத்தைப் பார்க்கவே வள்ளங்களைக் கட்டினார்கள்.

காற்று வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கந்தோரில் சிரித்தார்கள். மேலிடத்துக்குக் கதை போனால் வேலை போகும் என்று எச்சரித்தார்கள். யோகலிங்கம் தம்பலகாமத்து மில்லில் புழுங்கல் அரிசி வாங்கி, கமலேஸ்வரியும் அவருமாகப் பைகளில் கட்டி, மறுநாள் பாதைப் படகில் ஏற்றிக்கொண்டு கண்டல்முனைக்குப் போனார். சோதனைச்சாவடியில் எல்லாப் பையையும் அவிழ்த்துக் குத்திப் பார்த்தார்கள். மறுபடி குந்தியிருந்து கட்டினார்.

அபூதாஹிர் கூடவே வந்தார். வீடு வீடாக யோகலிங்கம் தன் கையாலேயே கொடுத்தார். சிலர் பகிடி பண்ணினார்கள். ஒரு கிழவர், "அடுத்த கிழமையும் மறிங்க சேர், இறைச்சியும் சேத்து" என்றார். யோகலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் இளகியது. செய்ததற்கு ஒரு பரிகாரம் உண்டு போலத்தான் இருக்கிறது என்று நினைத்தார்.

கடைசி வீடு மைமூனாவுடையது. அவளுக்கென்று பெரிய பையாகக் கட்டியிருந்தார். அதைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பாதையில் வரும்போதே வசனம் சேர்த்து வைத்திருந்தார்.

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னால் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் பையை நீட்டினார்.

"தங்கச்சி, இது..."

"தெரியும் சேர். மறிச்சவன் சோறு." அவள் பையைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை; விஷயத்தை எடுத்துச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். "அது கடலுக்குப் போற ஆள் இரிக்கிற வீட்டுக்குத்தான் போடுறது. எங்கட வீட்டில மறிக்கிறதுக்கு ஆள் இல்லயே."

அபூதாஹிர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோகலிங்கம் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். மைமூனா பையை அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்படி சொல்லிக் கதவைச் சாத்தினாள்.